கவலையற்ற அந்தக் காலம் யாருடையது?

முதுமையை எட்டியவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சற்று நேரத்தில் ‘அந்தக் காலத்தில்’ என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பெங்களூரில் காலை வேளையில் கப்பன் பூங்காவிலோ லால்பாகிலோ நடைப்பயிற்சியை முடித்துவிட்டுக் கல்லிருக்கைகளில் இளைப்பாறும் பெரியவர்களின் உரையாடலைக் கேட்டவர்கள் இதை அறிவர். அவர்கள் தமிழில் பேசலாம், கன்னடத்தில் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம், பொருள் ஒன்றுதான். மின்விசிறி தேவைப்படாத கோடைக்காலம், மாலை முழுவதும் விளையாட்டுத் திடலாக இருந்த தெரு, கிட்டிப்புள், கோலி, பம்பரம், கற்களை அடுக்கிப் பந்தால் அடிக்கும் லகோரி, கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ச் சந்தை, விளக்கு வைத்த பிறகே வீடு திரும்பிய பிள்ளைகள். ‘இன்றைய குழந்தைகள் பாவம்’ என்ற பெருமூச்சோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் முடிவடையும்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். நான் 1950 ஆம் ஆண்டு பிறந்தவன். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், ஐந்து குடித்தனங்கள் சேர்ந்திருந்த ஓட்டு வீடு ஒன்றில் வளர்ந்தேன். தந்தையார் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். சென்ற பொங்கலன்று எங்கள் குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடியிருந்தபோது, பத்து வயதுப் பேரன் கேட்டதற்காக என் பிள்ளைப் பருவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டதும் பையை வாசலிலேயே எறிந்துவிட்டு ஏரிக்கு ஓடுவோம். தண்ணீருக்கு மேல் சாய்ந்திருந்த மரத்தின் கிளையிலிருந்து குதிப்போம். அடிவரை மூழ்கி ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிவந்து காட்டினால்தான் வீரன். ஈரத் துணியோடு இருட்டில் வீடு திரும்புவோம். “ஒரு கவலையும் கிடையாது” என்று கதையை முடித்தேன்.

அக்காள் ஒரு பக்கமாக அமர்ந்து மொச்சைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். தலையை உயர்த்தாமலே சொன்னார்: “நீ சொல்கிற ஏரியை நான் சாயங்காலத்தில் பார்த்ததே இல்லையடா, தம்பி. அந்த நேரத்தில் நான் குழாயடியில் நின்றுகொண்டிருப்பேன்.”

அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. நடந்த ஒன்றை நடந்தவாறு சொன்னார். மீண்டும் மொச்சையைப் பிதுக்கத் தொடங்கினார். அங்கிருந்தவர்கள் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நான் போற்றி வந்த நினைவில் அக்காள் எந்த இடத்திலும் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பூண் கட்டிய தடி

இழந்த இளமைக்காக ஏங்குவது இக்காலத்தில் தோன்றிய பழக்கம் அன்று. புறநானூற்றின் 243 ஆம் பாடல் முழுவதும் அந்த ஏக்கமே. பாடலில் வரும் பூண் கட்டிய பெரிய தடியே புலவருக்குப் பெயராகி, அவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்கப்படுகிறார். ஈர மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடும் பெண்களோடு கைகோத்து ஆடியதையும், நீர்த்துறையில் தாழ்ந்து கிடந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்கும்படி ஆழமான மடுவில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்ததையும் அவர் நினைவுகூர்கிறார். இப்போதோ தடியை ஊன்றியபடி, இருமலுக்கு இடையே சில சொற்களை மட்டும் பேசக்கூடிய முதியவர் அவர். அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார்.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த முதியவரும் அல்சூர் ஏரியின் சேற்றை அள்ளி வந்த நானும் ஒரே செயலுக்காக ஏங்குகிறோம் என்று முன்பெல்லாம் பெருமையோடு சொல்வதுண்டு. அக்காளின் சொல்லைக் கேட்ட பிறகு பாடலை மீண்டும் எடுத்துப் படித்தேன். இரண்டு செய்திகள் அப்போதுதான் கண்ணில் பட்டன. அவர் தமக்குப் பின் வந்த தலைமுறையைப் பார்த்து ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. ‘கவலையே இல்லை’ என்றும் சொல்லவில்லை. தம்முடன் விளையாடிய தோழர்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் தேர்ந்தெடுக்கும் குணம் வேறு: அவர்கள் ஒளிக்கத் தெரியாதவர்கள், வஞ்சனை இல்லாதவர்கள். அந்தக் கூட்டுறவைத்தான் அவர் இழந்ததாக எண்ணுகிறார். நானோ மரத்தையும் மடுவையும் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏரிகள் போன வழி

இதைச் சொல்வதால், முதியவர்களின் ஏக்கம் முழுவதும் பொய் என்று வாசகர்கள் கருதிவிட வேண்டாம். பெங்களூரைப் பொறுத்தவரை இழப்பு உண்மையானது; கண்ணால் காணத்தக்கது.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்த ஊருக்கு வற்றாத ஆறு கிடையாது. ஆகவே முன்னோர்கள் பள்ளங்களுக்குக் குறுக்கே கரை எழுப்பி ஏரிகளை உண்டாக்கினார்கள். ஒன்று நிரம்பினால் அதன் மிகுநீர் ராஜகாலுவெ எனப்படும் பெருங்கால்வாய் வழியாகக் கீழே உள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும். 1890 களில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1930 களில் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், பிறகு 1974 ஆம் ஆண்டு முதல் காவிரியிலிருந்தும் குழாய் வழியே தண்ணீர் வந்தது. குழாயில் தண்ணீர் வந்ததும் ஏரியின் பயன் மறைந்தது. கொசு வளரும் பள்ளம் என்ற பெயரே அதற்கு மிஞ்சியது. மையப் பேருந்து நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி; கரகத் திருவிழாச் சடங்குக்காக அதில் ஒரு சிறு குளம் மட்டும் விடப்பட்டிருக்கிறது. கால்பந்து அரங்கம் சூளை ஏரியின் மேலும், ஹாக்கி அரங்கம் அக்கித்திம்மனஹள்ளி ஏரியின் மேலும் எழுந்தன. 1997 ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு வந்த வீரர்களைத் தங்கவைக்கக் கோரமங்களா ஏரி இருந்த நிலத்தில் குடியிருப்பு கட்டினார்கள். பிள்ளைகள் கட்டணமின்றி விளையாடிய நீர்நிலைகளை மூடிவிட்டு, அவற்றின் மேல் விளையாட்டரங்கங்களைக் கட்டியிருக்கிறோம் என்பது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

1971 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 16 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த நகரின் மக்கள்தொகை, 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 84 லட்சத்தை எட்டியது. இத்தனை பேரும் எங்கேயாவது குடியிருக்கத்தான் வேண்டும். எஞ்சிய ஏரிகளில் வீடுகளின் கழிவுநீர் கலந்தது. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியெழுந்ததையும், 2015 ஆம் ஆண்டு அந்த நுரை தீப்பற்றியதையும் நாடு முழுவதும் செய்திகளில் கண்டது.

இந்தப் பட்டியலை முன்பெல்லாம் கோபத்தோடு சொல்வேன். ‘அவர்கள்’ ஏரிகளை அழித்துவிட்டார்கள் என்பேன். அந்த ‘அவர்கள்’ யார் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

நினைவு எதை விட்டுவிடுகிறது?

கவலையற்ற சிறுவர் பருவத்துக்கு நம் நாட்டில் அடையாளமாகிவிட்ட ஊர் ஒன்று உண்டு. அது எந்த வரைபடத்திலும் இல்லாத மால்குடி. ஆர். கே. நாராயண் தம் முதல் நாவலை 1930 ஆம் ஆண்டு, பாட்டி நல்ல நாள் பார்த்துச் சொல்ல, இதே பெங்களூரில்தான் எழுதத் தொடங்கினார். அது ‘சுவாமியும் நண்பர்களும்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு 1935 ஆம் ஆண்டு லண்டனில் வெளியாயிற்று. 1980 களில் ஷங்கர் நாக் ஆகும்பே கிராமத்தில் படமாக்கிய தொடர் தொலைக்காட்சியில் வந்த பின்பு, சுவாமிநாதன் என்ற அந்தச் சிறுவன் எல்லோருடைய இளமைக்கும் பொதுவானவன் ஆகிவிட்டான்.

ஆனால் நாவலை நிதானமாகப் படித்தால் வியப்பாக இருக்கிறது. அது ஒரு திங்கட்கிழமைக் காலையில், கண் திறக்கவே மனம் வராத சிறுவனோடுதான் தொடங்குகிறது. முடிக்காத வீட்டுப்பாடம், பிரம்பு, தந்தையின் கண்டிப்பு, தேர்வு என்று பக்கத்துக்குப் பக்கம் அச்சம். பள்ளியை விட்டு ஓடிக் காட்டில் வழி தவறுகிறான். நண்பர்கள் நம்பியிருந்த கிரிக்கெட் போட்டிக்கு வந்து சேர முடியவில்லை. உயிர் நண்பன் ராஜம் ஊரை விட்டுப் போகும்போது, அவன் தன்னை மன்னித்தானா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் ரயில் நிலையத்தில் நிற்கிறான். எழுதும்போது நாராயணுக்கு வயது ஏறத்தாழ 24. பிள்ளைப் பருவத்தின் பயங்களை அவர் அப்போது மறந்திருக்கவில்லை. படித்த நாம்தான் பயங்களை வடிகட்டிவிட்டு, ஆற்றங்கரையையும் கிரிக்கெட்டையும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

பதஞ்சலி முனிவர் மனத்தின் அலைகளை ஐந்தாக வகுக்கிறார்: சரியான அறிவு, பிழையான அறிவு, பொருளின்றிச் சொல்லை மட்டும் பற்றி எழும் கற்பனை, உறக்கம், நினைவு. அவற்றுள் நினைவு என்பதற்கு அவர் தரும் விளக்கம், அனுபவித்த பொருள் நழுவிப் போகாமல் இருப்பது. இந்த உரைகல்லில் தேய்த்தால் நம்முடைய ‘அந்தக் காலம்’ நினைவு என்ற பெயருக்கே தகுதி பெறுவது கடினம். நழுவியது அதிகம், நழுவிய இடத்தைக் கற்பனை வந்து நிரப்பியிருக்கிறது.

என் வரையில் நழுவிப் போனவற்றைத் தேடிப் பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவன். அவன் கரையில் உட்கார்ந்து எங்கள் சட்டைகளைக் காவல் காப்பான். யார் அதிக நேரம் மூழ்கியிருந்தார்கள் என்று எண்ணிச் சொல்வான். 2014 ஆம் ஆண்டு நம் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டபோது அவன் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதை இப்போது வெட்கத்தோடு எண்ணுகிறேன். எங்களில் மிக ஆழமாக மூழ்கக்கூடியவன் பன்னிரண்டு வயதில் சைக்கிள் கடை ஒன்றில் வேலைக்குப் போனான். அதன் பிறகு ஏரிக்கு வரவில்லை. ஐந்து குடித்தனங்களில் குழந்தையைப் பறிகொடுக்காத வீடு இரண்டுதான். நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தவர்கள் 1971 ஆம் ஆண்டில்கூட 129 பேர். 2020 ஆம் ஆண்டில் அது 28 ஆகக் குறைந்திருந்தது. ‘அந்தக் காலமே நல்ல காலம்’ என்று சொல்லும்போது நாம் எந்த எண்ணிக்கையைத் திரும்பக் கேட்கிறோம்?

சுமந்தவர்கள்

இனி அக்காளிடம் வருகிறேன். எங்கள் தெருவில் இருந்தது ஒரே குழாய். மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் வரும். எவ்வளவு நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு இழுப்பு நோய் இருந்ததால், எட்டாம் வகுப்போடு அக்காள் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 1951 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு என்பதால், எட்டாம் வகுப்பு என்பதையே பெரிய படிப்பாக வீட்டில் பேசினார்கள். இடுப்பில் கைக்குழந்தையான தம்பி, கையில் பித்தளைக் குடம். நான் எறிந்துவிட்டுப் போன பையை எடுத்து உள்ளே வைத்ததும், நான் ஈரத்தோடு வந்து கழற்றிப் போட்ட துணியை அலசிக் காயப்போட்டதும் அந்தக் கைகள்தான்.

ஆகவே, எனக்குக் கவலை இல்லை என்பது உண்மை. ஆனால் வீட்டில் கவலையே இல்லை என்பது உண்மையன்று. என் பங்கும் சேர்த்து வேறொருவர் தோளில் இருந்தது. இங்கே ஒரு சிறு செய்தி நினைவுக்கு வருகிறது. நம் கிராமங்களில் எருதுகளைப் பூட்டித் தோல் சாலால் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்புக்கும் ‘கவலை’ என்றே பெயர். மனக்கவலைக்கும் அந்தச் சொல்லுக்கும் மொழியறிஞர் என்ன தொடர்பு சொல்வார்களோ, அதற்குள் நான் புகவில்லை. யாரோ கவலை இறைத்தால்தான் வேறு யாருக்கோ வாய்க்காலில் தண்ணீர் ஓடும் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டேன்.

இதைப் படிக்கும் சிலர், “குழந்தை என்ன செய்யும்? அதற்கு இதெல்லாம் தெரியாதே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து வயதுப் பையன் ஏரியில் குதித்தது குற்றமாகாது. அக்காளும் அப்படி நினைக்கவில்லை. எழுபது வயதைக் கடந்த பின்பும், தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்த பின்பும், அதே அறியாமையை ஒரு செல்வம்போல் மடியில் வைத்துக் காத்தேனே, அதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தக் குழந்தைமை?

குழந்தையின் நிலைக்குத் திரும்புவது நம் மரபில் உயர்வாகவே பேசப்பட்டிருக்கிறது. பிருகதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் ககோளருக்குக் கூறும் பகுதியில், கல்வியை முற்றக் கற்று முடித்தவன் அதன் பின் குழந்தையின் இயல்பில் நிலைபெற வேண்டும் என்ற கருத்து வருகிறது. முதியவர்களின் ஏக்கத்துக்கு இதைவிடப் பெரிய ஆதரவு கிடையாது என்று தோன்றும்.

பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம், நான்காம் பாதத்தில் இந்த இடம் ஆராய்ச்சிக்கு வருகிறது. குழந்தையின் இயல்பு என்றால் எது? நினைத்த இடத்துக்குப் போவது, நினைத்ததைத் தின்பது, தூய்மை தூய்மையின்மை பாராமல் திரிவது, இவையும் குழந்தையிடம் உள்ளனவே; ஞானி இவற்றை மேற்கொள்ள வேண்டுமா என்று ஐயம் எழுப்பப்படுகிறது. சங்கரர் அதை ஏற்பதில்லை. மனம் போனபடி திரியும் உரிமை அங்கே கருதப்படவில்லை. பகட்டும் செருக்கும் இல்லாமை, தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாமை, உள்ளத் தூய்மை ஆகியவையே கருதப்படுகின்றன என்று முடிவு காண்கிறார்.

நம் ஏக்கத்தை இந்த ஆராய்ச்சியின் அருகில் வைத்துப் பார்க்கலாம். நாம் விரும்பி நினைவுகூர்வதெல்லாம் விலக்கப்பட்ட அந்த முதற்பொருளைத்தான்: நினைத்த நேரத்தில், நினைத்த இடத்தில், கேட்பாரின்றித் திரிந்ததை. அதுவும் தன்னை வெளிக்காட்டிக்கொள்வதற்காகவே பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். சேற்றை அள்ளிவந்து காட்டிய சிறுவன் அறுபது ஆண்டுகளுக்குப் பின்பும் பேரனிடம் அதையே காட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது பொருளோ, புறநானூற்றுப் புலவர் தம் தோழர்களிடம் கண்ட ஒளிவுமறைவற்ற குணத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அது வயதோடு போய்விடுவதன்று. அல்சூர் ஏரியும் அதற்குத் தேவையில்லை. ஆனால் அதை வேண்டுபவன் முதலில் தன் நினைவில் தான் மறைத்திருப்பவற்றைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அதற்காக எவரும் பெருமூச்சு விடுவதில்லை போலும்.

அறிவிப்புப் பலகை

‘அவர்கள்’ யார் என்பதற்கு வருகிறேன் என்றேன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நகரின் தென்கிழக்கில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கினேன். அந்த நிலம் ஏரியின் நீர்பிடிப்புப் பகுதியாக இருந்திருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை, விலை கட்டுப்படியாயிற்று. 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதப் பெருமழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கியபோது, எங்கள் கீழ்த்தளத்து வாகன நிறுத்தத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மாடிப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வீடும் ஒரு காலத்தில் யாரோ ஒரு சிறுவன் குதித்த இடமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. குடியிருப்பின் நடுவே கல் பாவிய முற்றம் ஒன்று இருக்கிறது. ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று அங்கே ஒரு பலகை. சன்னல் கண்ணாடி ஒன்று உடைந்ததாலும், பிற்பகல் உறக்கம் கெடுவதாலும் குடியிருப்போர் கூட்டத்தில் அந்த முடிவு எடுக்கப்பட்டது. ஆதரவாக உயர்ந்த கைகளில் என் கையும் ஒன்று. குழந்தைகளின் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் அவை 1989 ஆம் ஆண்டு ஏற்ற உடன்படிக்கையின் 31 ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. 1992 ஆம் ஆண்டு இந்தியாவும் அதில் இணைந்தது. இத்தகைய உடன்படிக்கைகளை நாம் அரசாங்கங்கள் பின்பற்றுவதற்கானவை என்றே எண்ணுகிறோம். ‘இன்றைய குழந்தைகள் கைப்பேசியிலேயே கிடக்கின்றன’ என்று அதே முற்றத்தில் அமர்ந்து வருந்தியவனும் நான்தான்.

நகரில் நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன. கைகொண்ட்ரஹள்ளி ஏரியும், ஜே. பி. நகரை ஒட்டிய புட்டேனஹள்ளி ஏரியும் அருகில் வாழும் மக்களின் முனைப்பால் மீண்டும் உயிர் பெற்றன; பறவைகள் திரும்பி வந்தன. அவர்களை வணங்குகிறேன். இருப்பினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வாறு மீட்கப்பட்ட ஏரிகள் பலவற்றைச் சுற்றி வேலி இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இருக்கின்றன. பாதுகாப்பு கருதி இது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் ஏரியை மீட்கும்போதும் நம்மைப் போன்ற முதியவர்களின் காலை நடைக்கே முதலில் இடம் கிடைத்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தில், மாலை நான்கு முதல் ஆறரை வரையாவது பிள்ளைகளை விளையாட விட வேண்டும் என்று கேட்டேன். நீண்ட விவாதம் நடந்தது. மூன்று பேர் ஆதரித்தார்கள். பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. பொறுப்பாளர்கள் மறுபடியும் பேசலாம் என்றிருக்கிறார்கள். இதற்கிடையில் காவலாளி என்னைப் பார்த்தால் பிள்ளைகளை விரட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஒரு மாலை

சில மாதங்களுக்கு முன் அக்காளை அல்சூர் ஏரிக்கு அழைத்துச் சென்றேன். பேரனும் உடன் வந்தான். 2009 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு ஏரிப்பக்கம் போனோம். நான் குதித்த மரம் இல்லை. அது நின்ற இடத்தையும் உறுதியாகக் காட்ட என்னால் இயலவில்லை. தண்ணீர் பச்சையாக இருந்தது. அக்காள் சற்று நேரம் பார்த்துவிட்டு, “பெரிய ஏரிதான்” என்றார்.

என் வாழ்நாளில் முதன்முறையாக அவரிடம் கேட்டேன்: “அக்கா, நீ அந்தக் காலத்தில் என்ன விளையாடுவாய்?”

அவர் சிரித்துவிட்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் எவரும் வரிசையை விட்டுப் போக மாட்டார்களாம். குடங்கள்தான் வரிசையில் நிற்கும். பெண் பிள்ளைகள் எல்லோரும் குழாய் மேடையில் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடுவார்களாம். எதிர்வீட்டுக் கன்னடப் பெண் ஒருத்தியை எவராலும் வெல்ல முடியாதாம். அவளிடமிருந்துதான் அக்காள் கன்னடம் கற்றுக்கொண்டாராம். ஒரு நாள் ஆட்டத்தின் சுவாரசியத்தில் தண்ணீர் வந்து நின்றதையே கவனிக்காமல் இருவரும் வெறுங்குடத்தோடு வீடு திரும்பி அடி வாங்கினார்களாம். அதைச் சொல்லும்போது அவர் கண்களில் இருந்த ஒளியை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று முயன்றதும் இல்லை.

“இதையெல்லாம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்றேன்.

“நீதான் ஏரிக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாயே” என்றார்.

பேரன் கீழே குனிந்து கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஐந்தும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அக்காள் சொன்னதால் இரண்டை எறிந்துவிட்டு வேறு தேடினான்.